விரலால் படிக்க எதை வாங்குவது? காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பார்வையில்லாத பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சொந்தக்காரர் ஒருவர் பணம் அனுப்பி, "படிக்கிறதுக்கு நல்ல கருவியா ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்று சொல்வது நம் பக்கத்தில் வழக்கம்தான். பணம் கைக்கு வந்த பிறகுதான் குழப்பம் தொடங்கும். காரைக்குடியில் கடை கடையாகக் கேட்டால் விலை கூடிய செல்போனைக் காட்டுவார்கள். இணையத்தில் தேடினால் சில நூறு ரூபாயிலிருந்து பல லட்சம் வரை வந்து நிற்கும். எல்லாவற்றின் மேலும் 'பார்வையற்றோருக்கான வாசிப்புக் கருவி' என்றுதான் எழுதியிருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளை என்றால் காகிதப் பிரெயிலும் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) அந்தப் புள்ளிகளைத் தாளில் அடிக்கும் பெர்கின்ஸ் தட்டச்சும். கல்லூரியிலோ போட்டித் தேர்வுக்கோ படிப்பவர் என்றால் பிரெயில் டிஸ்ப்ளே, அதாவது புள்ளிகள் தாமே எழும்பி மாறும் மின்கருவி; அதுவும் பணம் எட்டினால் வரிக்கு 40 செல். செல் என்பது புள்ளிகள் நிற்கும் ஒரு சின்னக் கட்டம். முதுமையில் பார்வை போனவருக்குப் பெரும்பாலும் பிரெயில் கருவியே வேண்டாம். கருவிகளின் விளம்பரத் தாள்கள் எல்லாம் ஆங்கிலம் படிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் பிள்ளை படிக்கப்போவது தமிழ். அந்த ஒரு காரணத்தால் கணக்கு நிறைய மாறிவிடுகிறது.

தமிழ் எத்தனை செல் கேட்கிறது?

லூயி பிரெயில் 1824-இல் வகுத்த முறையில் ஒரு செல்லுக்கு ஆறு புள்ளி: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. அவற்றைக் கூட்டிக் குறைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழின் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247. அத்தனைக்கும் தனி வடிவம் கொடுக்க வழியே இல்லை. அதனால் 1951-இல் இந்திய மொழிகளுக்கு ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் உயிர்மெய்யைப் பிரித்து எழுதுகிறோம். 'கா' என்பது க, அதை அடுத்து ஆ: இரண்டு செல். 'க்' என்பது மெய்யைக் காட்டும் 4-ஆம் புள்ளி முதலில், பிறகு க: அதுவும் இரண்டு செல். உயிர்மெய்யில் அகரம் ஏறிய எழுத்து மட்டும்தான் ஒரே செல்லில் அடங்கும்.

'காரைக்குடி' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை எழுதிப் பாருங்கள். கா, ரை, க், கு, டி. ஒவ்வொன்றும் இரண்டு, ஆக 10 செல். 'செட்டிநாடு' எழுதினாலும் பத்துதான். ஆங்கிலத்தில் 'தி', 'அண்ட்' போன்ற அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரே செல்லில் சுருக்கம் உண்டு. தமிழில் நம் பிள்ளைகள் பள்ளியில் கற்பது எல்லாவற்றையும் விரித்தெழுதும் முறை.

இப்போது 20 செல் டிஸ்ப்ளே ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'வந்துகொண்டிருந்தார்கள்' என்ற சொல் 22 செல் பிடிக்கும். நாள்தோறும் புழங்கும் ஒரு வினைமுற்று, ஒரு முழு வரியில்கூட அடங்காமல் உடைந்து அடுத்த வரிக்குப் போகிறது. 20 செல்லில் தமிழ் நாவல் படிப்பது ஜன்னல் கம்பிக்கு நடுவே தேரோட்டம் பார்ப்பது மாதிரி. தேர் தெரியும்; துண்டு துண்டாகத் தெரியும். பெரிய பிரெயில் தாளின் ஒரு வரியிலோ சுமார் 40 செல். அந்தத் தாளில் வலக்கை விரல் வரியை முடித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல் அடுத்த வரியின் தலையைப் பிடித்துவிடும். ஒரே வரி உள்ள டிஸ்ப்ளேயில் அந்த வேலை இடக்கைக்கு இல்லை. வரி முடிந்ததும் பொத்தானை அழுத்தி, புள்ளிகள் இறங்கி ஏறும் வரை விரல் காத்திருக்க வேண்டும்.

'செல்போனே எல்லாத்தையும் வாசிக்குதே'

தேவகோட்டையில் ஒரு வீட்டின் பட்டாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆச்சி கேட்டார்: "ஏந் தம்பி, செல்போனே எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லிருதே, இந்தப் புள்ளியெல்லாம் இன்னும் எதுக்கு?"

நியாயமான கேள்வி. அவர் பேத்தி ஒன்பதாம் வகுப்பு, கெட்டிக்காரப் பெண். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுக்கொண்டு போனில் அவள் விரல் ஓடும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. "அரை மணி நேரம் அறையில் இருந்தேன்" என்று சொல்லி, எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யச் சொன்னேன். இரண்டு இடத்திலும் 'அரை' என்றே அடித்தாள். அவள் மேல் குற்றமே இல்லை. போனின் குரல் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறது. வாயால் சொல்லி எழுத வைத்தால் போன் தானாகத் திருத்திக்கொள்ளும், அதனால் பிழை இருப்பதே வெளியில் தெரியாது. பிரெயிலில் ர என்பது 1, 2, 3, 5 புள்ளிகள். ற என்பது 1, 2, 4, 5, 6. விரலுக்கு இவை இரண்டும் வேறு வேறு எழுத்துகள். ஒருமுறை பழகிவிட்டால் குழம்பாது.

ல, ள, ழ. ந, ன, ண. வல்லினம் மிகும் இடம், மிகா இடம்: தமிழில் காது மட்டும் வைத்துக்கொண்டு கற்க முடியாதவை இவை. டிஎன்பிஎஸ்சி பொதுத் தமிழ்ப் பாடத்திட்டத்திலும் இந்த எழுத்து வேறுபாடுகளை அறிவது உண்டு. தேர்வில் எழுத்தர் உதவிக்கு இருந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டிய விடை பிள்ளையின் மனத்தில் இருக்க வேண்டும். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் ஊர் நம்முடையது. கேட்டுக் கேட்டே தமிழை ரசித்த பரம்பரை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மேடையில் பேசியவர்கள் எல்லோரும் எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்கள். பார்வையில்லாத பிள்ளைக்கு மட்டும் கேள்வியறிவு போதும் என்று நாம் முடிவுகட்டக் கூடாது.

ஆகவே போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன் கட்டாயம் வேண்டும்; எப்படியும் வீட்டில் ஒன்று இருக்கும். அனுப்பி வந்த பணம் முழுவதையும் அதில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

காகிதமும் கைக்கருவியும்

விலை குறைந்தது ஸ்லேட்டும் (துளைச் சட்டம்) ஸ்டைலஸும் (குத்தூசி). தாளைச் சட்டத்தில் மாட்டி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிக் குத்த வேண்டும். தாளை எடுத்துத் திருப்பினால்தான் எழுதியதைப் படிக்க முடியும். மின்சாரம் வேண்டாம், பையில் கிடக்கும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கடைகளில் தரும் மாத நாள்காட்டியின் தடித்த தாளை இதற்காகவே சேர்த்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. புள்ளி அதில் நன்றாக நிற்கும்.

ஆனால் இதை வைத்து முதல் எழுத்துக் கற்றுத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதும்போது ஒரு வடிவம், படிக்கும்போது அதன் எதிர்வடிவம் என்றால் ஐந்து வயதுக் குழந்தை திணறும். அங்கேதான் பெர்கின்ஸ் பிரெயிலர் உதவுகிறது. அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளியில் டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951-இல் வெளிவந்த உலோகத் தட்டச்சு அது. ஆறு புள்ளிக்கு ஆறு சாவி, நடுவில் இடைவெளிச் சாவி. அழுத்தியதுமே புள்ளி மேல்நோக்கி எழும்பும். குழந்தை அந்த நொடியே தடவிப் பார்த்துத் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும். ஒரு தலைமுறை கடந்தும் ஓடும் பொருள் இது. பழுது பார்க்கக் கடல் தாண்ட வேண்டியதும் இல்லை, காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்ட் இந்த இயந்திரங்களைச் செய்கிறது. எடை ஏறக்குறைய ஐந்து கிலோ, ஓசையும் அதிகம். தினம் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இயந்திரம் வீட்டில் இருக்கட்டும். இரண்டு மூன்று வகுப்பு கடந்ததும் ஸ்லேட் பள்ளிப் பைக்குப் போகட்டும்.

கணக்குக்கு டெய்லர் சட்டத்தை மறக்காதீர்கள். எண்கோணத் துளைகளில் சின்ன உலோக அச்சுகளைத் திருப்பித் திருப்பிச் செருகிக் கூட்டல் கழித்தலை மேலிருந்து கீழாகப் போடலாம். எந்த ஒற்றை வரி டிஸ்ப்ளேயிலும் அந்த வசதி கிடையாது.

அச்சடித்த பிரெயில் புத்தகத்தின் குறை அதன் பருமன். நம் கையில் ஒரே நூலாக இருக்கும் பாடப் புத்தகம் பிரெயிலில் பல தொகுதிகளாக வரும். சென்னையில் பிளாட் வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கட்டுக்கட்டாக அறை இருக்கும் வீடுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், புள்ளி நசுங்கிவிடும். நிறுத்தி வையுங்கள், சுவரை ஒட்டாமல். கரையான் இந்தத் தாளையும் விட்டு வைக்காது.

டிஸ்ப்ளே வாங்குவதென்றால்

பிரெயில் டிஸ்ப்ளேயை நேரில் பார்த்திராதவர்களுக்கு: சாவிப்பலகை மாதிரி ஒரு பெட்டி, அதன் முன்விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக. போனிலோ கணினியிலோ உள்ள எழுத்துக்கேற்ப அந்தத் துளைகளிலிருந்து ஊசிமுனைகள் எழும்பி நிற்கும், அடுத்த வரிக்கு மாறும். ஒரு செல்லுக்கு எட்டு முனை. கணினிக்காகக் கீழே இரண்டு கூடுதல். வழக்கமான டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு முனைக்கும் அடியில், மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான் பட்டை ஒன்று இருக்கும். 40 செல் என்றால் 320 பட்டை. விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பதற்கு இதுதான் விடை.

அந்த விலையைக் குறைக்கவே பல நாட்டு அமைப்புகள் கூடிச் செலவிட்டு ஆர்பிட் ரீடர் 20 என்ற கருவியை உருவாக்கின. அமெரிக்காவில் அது முதலில் 449 டாலருக்கு வந்தது. அதன் முனைகள் எழும்பியதும் பூட்டிக்கொள்ளும். அழுத்திப் படித்தாலும் அமுங்காது, நல்ல காகிதப் பிரெயிலைத் தொடுவது போலவே இருக்கும். புதிதாகப் படிப்பவரின் அழுத்தமான விரலுக்கு இது பெரிய உதவி. வரி மாறும்போது கறகறவென்று ஒரு சத்தம், சற்றுத் தாமதம். வேகமாகப் படிப்பவர்களுக்கு அந்தத் தாமதம் எரிச்சலூட்டும். மும்பையின் இன்னோவிஷன் நிறுவனம் உருவாக்கிய பிரெயில்மீயும் 20 செல்தான். அது காந்த விசையில் இயங்குகிறது. இந்தியத் தயாரிப்பு என்பதால் பழுதுக்குப் பார்சல் அனுப்ப வெளிநாட்டு முகவரி தேவையில்லை.

20 செல்லில் தமிழ் எப்படி உடைகிறது என்று பார்த்தோம். அப்படியானால் இவை வீணா? இல்லை. குறிப்பெடுக்க, போனில் வந்த செய்தியைப் படிக்க, எழுதியதைப் பிழை பார்க்க, ஆங்கிலம் படிக்க 20 செல் போதும். மேடையில் குறிப்பைத் தடவிக்கொண்டே பேசவும் போதும். தமிழிலக்கியம் எடுத்துப் பட்டப்படிப்புப் படிப்பவருக்கும், நாளெல்லாம் கணினி முன் உட்காரும் வேலைக்குப் போகிறவருக்கும் 40 செல்தான் என் பரிந்துரை. ஃபோகஸ் 40, பிரெயிலியன்ட் பிஐ 40எக்ஸ், ஆர்பிட் ரீடர் 40 எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. விலை வேறுபாடு பெரியது. கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு அவசரம் எதுவும் இல்லை. 20 செல்லில் தொடங்கி, வேலை கிடைத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பத்து வரி, வரிக்கு 32 செல், படமும் வரைபடமும் தொட்டுப் பார்க்கலாம் என்று மோனார்க் என்ற கருவி அமெரிக்காவில் வந்திருக்கிறது. தென்கொரியாவின் டாட் பேட் அதே வழியில் வந்தது. வடிவியல் கற்க இவற்றைப் போல வேறில்லை. விலையைக் கேட்டால் ஒரு குடும்பம் வாங்கும் பொருளல்ல. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் வாங்கி நூலகத்தில் வைக்க வேண்டும். அழகப்பர் இத்தனை கல்லூரிகள் எழுப்பிய ஊரில் அப்படி ஒரு மேசை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பெங்களூருவின் திங்கர்பெல் லேப்ஸ் செய்த ஆனி என்ற கருவி வேறு வகை. வாசிப்புக் கருவி என்பதைவிடக் கற்பிக்கும் கருவி. குரல் சொல்லித்தர, பிள்ளை தொட்டும் தட்டியும் பிரெயில் பழகும். சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார் என்ற நிலையில் உள்ள பள்ளிக்கு இது பொருந்தும். ஒரே பிள்ளைக்காக வீட்டில் வாங்க நினைத்தால் எழுத்துப் பழகி முடித்ததும் சும்மா கிடக்கும்.

எதை வாங்கினாலும் பணம் கட்டுமுன் நான் சொல்லும் சொற்களை அதில் ஓட்டிப் பாருங்கள். முதலில் 'மணி'. பாரதி பிரெயிலில் ண எழுத்தும், எண் வருகிறது என்று காட்டும் குறியும் ஒரே வடிவம்: 3, 4, 5, 6. இ எழுத்தும் 9 என்ற எண்ணும் ஒரே வடிவம். எழுத்தைப் புள்ளியாக மாற்றும் தமிழ் அட்டவணை சரியில்லாத மென்பொருளில் நீங்கள் 'மணி' என்று உள்ளிட்டால் 'ம9' என்று திரும்பி வரக்கூடும். பிறகு 'அரை', 'அறை' இரண்டையும் பாருங்கள். 'ஜோஷி', 'ஹரிஹரன்' மாதிரி கிரந்த எழுத்து வரும் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். கடைசியாக, தமிழ் யூனிகோட் கோப்பு ஒன்றை மெமரி கார்டில் போட்டுத் திறந்து பாருங்கள். சில கருவிகள் அதை நேரே காட்டும். சிலவற்றுக்கு முன்கூட்டியே பிரெயில் கோப்பாக மாற்றித்தர வேண்டும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் (திரையில் இருப்பதை வாசிக்கும் மென்பொருள்) தமிழ்ப் பிரெயில் அட்டவணை இருக்கிறது. அதனோடு இணைத்துப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆனால் கருவி கணினியைச் சார்ந்தே இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் மலிவாகக் கிடைக்கிறது, வரும்போது எடுத்து வருகிறேன் என்று உறவினர் சொன்னால் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் எண்ணெய்க் கையும் ஊசிமுனைகளுக்கு ஆகாது. என்றாவது ஒருநாள் ஒரு முனை எழும்பாமல் நிற்கும். ஒரு புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும்.

அப்பத்தாவுக்கு

சர்க்கரையாலும் கண்ணழுத்த நோயாலும் அறுபது வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களுக்கும் டிஸ்ப்ளே கேட்கிறார்கள். அன்பில் கேட்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் நீண்டகாலச் சர்க்கரை நோய் விரல் நுனி உணர்வையும் மழுக்கிவிடலாம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான். அதைப் பிரித்தறிய முடியாத விரலுக்கு எந்தக் கருவியும் பயன்படாது. முதலில் மதுரை அரவிந்த் போன்ற ஒரு மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் காட்டி, மிச்சமிருக்கும் பார்வைக்கு உருப்பெருக்கி உதவுமா என்று கேளுங்கள். அவர்களுக்குப் போனின் குரலும் ஒலிநூல்களும் போதும். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பார்வையற்றோருக்கேற்ற வடிவில் நூல்கள் கிடைக்கின்றன.

ஒரு விலக்கு உண்டு. காதும் மங்கி வருகிறவர் என்றால் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். அவருக்கு உலகத்தோடு பேச விரல் ஒன்றுதான் வழி. கேட்கும் திறன் இருக்கும்போதே, சொல்லித்தர முடிகிறபோதே பிரெயிலைத் தொடங்கிவிடுங்கள்.

பணமும் பயணமும்

அரசு உதவிக்கு முதலில் மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை வேண்டும். சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், வருமானச் சான்றோடு, உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். 1981 முதல் நடக்கும் திட்டம் அது. ஸ்லேட், பிரெயில் கிட், போன் முதலியவை அதில் கிடைத்துவிட்டால் கையிலிருக்கும் பணம் பெரிய செலவுக்கு மிஞ்சும். தேர்வெழுதும் பிள்ளைக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதையும் அதே நடையில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். மதுரையில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். பூந்தமல்லியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அதற்குப் பல்லவன் ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்க வேண்டும். எந்தெந்தக் கருவியைக் காட்டுவார்கள் என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போனால் ஐந்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு வர வேண்டாம். பிள்ளை அரைமணி நேரம் தொடர்ந்து படிக்கட்டும், விரல் எப்போது சோர்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கையில் இருப்பது ஒரு டிஸ்ப்ளேயின் விலைக்குச் சரியாக இருந்து, பிள்ளை இன்னும் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை என்றால், அதைப் பெர்கின்ஸுக்கும் தாளுக்கும் டெய்லர் சட்டத்துக்கும், வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஆசிரியருக்கும் பிரித்துச் செலவிடுங்கள். மிச்சத்தை அஞ்சலகத்தில் பிள்ளை பெயரில் போட்டு வையுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்கும்போது 20 செல்லா 40 செல்லா என்பதை அந்தப் பிள்ளையே தொட்டுப் பார்த்துச் சொல்லும்.